மேடையில் ஓடிய இசை நாடகத்தை எதற்கு மறுபடி படமாக எடுக்கிறார்கள்? நம் பாரதக் கூத்து ஏன் அப்படிப் போகவில்லை?

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான்: "வெஸ்ட் சைட் ஸ்டோரி பழைய படத்தைப் பார்த்தேன். அது முதலில் மேடை நாடகமாம். ஓடி முடிந்த நாடகத்துக்கு எதற்குப் புதிதாக ஒரு படம்? மேடையையே கேமராவில் பிடித்தால் போதாதா? எங்கள் ஊர் கலவைப் பக்கம். எங்கள் பாரதக் கூத்தில் இதைவிட நல்ல பாட்டெல்லாம் இருக்கிறதே, அதை ஏன் யாரும் அப்படிப் படமாக்கவில்லை?" பார்ப்பதற்கு ஹாலிவுட் வியாபாரம் பற்றிய கேள்வி மாதிரி இருக்கிறது. ஆனால் கடைசி வரியில்தான் உங்கள் மனசு இருக்கிறது. ஒரு பாட்டு மேடையை விட்டு இறங்கித் திரைக்குப் போக என்னவெல்லாம் வேண்டும், மகாபாரதக் கதையை ஆடும் நம் கூத்தின் களரிப் பாட்டுக்கு, அதாவது ஆடுகளத்தில் பாடும் பாட்டுக்கு, அதில் எது அமையவில்லை என்றுதான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். நான் புதுச்சேரியில் நாடகம் படித்தவன். அதன் பிறகு வேலூரில் இருந்துகொண்டு ஆரணி, செய்யாறு, போளூர், கலவை வட்டாரத்து ஜமாக்களோடு, அதாவது கூத்துக் குழுக்களோடு, பல வருடங்களாகப் பழகி, அவர்கள் பாட்டைப் பதிவு செய்து எழுதி வைத்து வருகிறேன். நியூயார்க் மேடையை நேரில் பார்த்தவன் இல்லை. அந்த நாடகங்களை இசைத்தட்டு வழியாகவும் அச்சுப் பிரதி வழியாகவும்தான் அறிவேன். ஆகவே கூத்தைப் பற்றிச் சொல்வதைக் கண்டதாகவும், அமெரிக்க மேடையைப் பற்றிச் சொல்வதைக் கற்றதாகவும் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் காரணம் பணம். இதில் சந்தேகமே இல்லை. படம் எடுப்பவருக்கு இருக்கிற பெரிய பயம், கூட்டம் வருமா என்பது. மேடையில் வருடக்கணக்கில் ஓடிய நாடகம் என்றால் அந்தப் பயம் பாதி குறைந்துவிடும். ‘மை ஃபேர் லேடி’யைப் பாருங்கள். 1956-ல் நியூயார்க்கில் மேடையேறி 2,717 காட்சிகள் ஓடியது. அந்த நாடகத்துக்கு முதல் போட்டதே சிபிஎஸ் என்கிற ஒலிபரப்பு நிறுவனம். அதன் கையில் கொலம்பியா இசைத்தட்டுக் கம்பெனியும் இருந்தது. நாடகம் ஓட ஓட இசைத்தட்டு விற்றது. இசைத்தட்டு விற்க விற்க நாடகத்துக்குக் கூட்டம் சேர்ந்தது. பிறகு வார்னர் பிரதர்ஸ் படமாக்கும் உரிமைக்கு 55 லட்சம் டாலர் கொடுத்தார்கள். அன்றைக்கு அது மலைக்க வைக்கும் தொகை. 1964-ல் படம் வந்து எட்டு ஆஸ்கர் விருதுகளை அள்ளியது. இத்தனை பணத்தைக் கொட்டிக் கதையையா வாங்கினார்கள்? கதை பெர்னார்ட் ஷாவின் பழைய நாடகம். அது 1938-லேயே பாட்டில்லாத படமாக வந்துவிட்டது. வார்னர் வாங்கியது ஜனங்களின் வாயில் ஏற்கனவே ஏறிவிட்ட பாட்டுகளை.

என் பதில் முழுவதும் இதிலிருந்துதான் கிளம்புகிறது. கதை தெரிந்திருந்தால் சிலர் வராமல் போகலாம். பாட்டு தெரிந்திருந்தால் வந்தே தீருவார்கள். நம் வட ஆற்காட்டுக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. கர்ணன் சாகப் போகிறான் என்பது களரியில் உட்கார்ந்திருக்கும் ஆறு வயதுக் குழந்தைக்கும் தெரியும். இருந்தும் விடிய விடிய உட்கார்ந்திருப்பது, ஜமாவை நடத்தும் இந்த வாத்தியார் அந்த விருத்தத்தை இன்று எப்படி எடுக்கப் போகிறார் என்று கேட்கத்தான்.

இரண்டாவது காரணம் எட்டும் தூரம். எவ்வளவு பெரிய நாடகமானாலும் ஒரு ராத்திரியில் ஒரு ஊரில்தான் நடக்கும். அமெரிக்காவிலேயே பெரும்பாலான ஜனங்கள் அந்தப் பாட்டுகளை ரேடியோவிலும் இசைத்தட்டிலும் மட்டும் கேட்டவர்கள். அவர்களுக்குப் படம்தான் முதல் மேடை. ‘ஓக்லஹோமா’ 1943-ல் மேடையேறி 2,212 காட்சிகள் ஓடி முடிந்து, படமாக வந்தது 1955-ல். மேடையில் வசூல் இருக்கும்வரை படத்தை வரவிடக் கூடாது என்று நாடகக்காரர்கள் தாமதப்படுத்துவது வழக்கம்.

சரி, மேடைக்கு எதிரே கேமராவை வைத்து அப்படியே பிடித்தால் என்ன? பிடிக்கலாம், பிடித்தும் இருக்கிறார்கள். ‘ஹாமில்டன்’ நாடகத்தை 2016-ல் மேடையிலேயே பதிவு செய்து 2020-ல் வெளியிட்டார்கள், உலகமே பார்த்தது. ஆகவே உங்கள் யோசனை தப்பில்லை. ஆனால் அது ஒரு நல்ல பதிவு, படம் வேறு. மேடை நடிகர் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி குரலையும் கையையும் வீசுகிறார். கேமரா அவர் மூக்குக்கு ஒரு முழம் தள்ளி நிற்கிறது. கடைசி வரிசைக்காக வீசியது அங்கே நின்று பார்த்தால் மிகையாகத் தெரியும். ஆகவே ஒவ்வொரு பாட்டுக்கும் திரையில் புதிதாக ஒரு இடம் தேட வேண்டியிருக்கிறது. இந்தத் தேடலில்தான் உண்மையான கலைவேலை இருக்கிறது என்பது என் எண்ணம்.

‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’ மேடையேறியது 1959-ல், படம் வந்தது 1965-ல். இரண்டையும் வைத்துப் பார்த்தால் இந்த வேலை நன்றாகப் புரியும். பிடித்த பொருள்களை ஒவ்வொன்றாக அடுக்கிச் சொல்லும் அந்தப் புகழ்பெற்ற பாட்டை மேடையில் மரியாவும் மடத்துத் தலைவியும் சேர்ந்து பாடுகிறார்கள். படத்தில் அதை இடிமழை ராத்திரிக்கு மாற்றி, பயந்துபோன குழந்தைகளுக்கு மரியா பாடுவதாக வைத்தார்கள். இன்றைக்கு அந்தப் பாட்டு என்றால் யாருக்கும் அந்த மழைதான் ஞாபகம் வரும். மேடையில் இருந்த மூன்று பாட்டுகளைத் தூக்கிவிட்டு இரண்டு புதிய பாட்டுகளைச் சேர்த்தார்கள். நீங்கள் பார்த்த ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’யிலும் இது நடந்திருக்கிறது. 1957 மேடையில் கேலிப் பாட்டு ஒன்று கொலைகள் விழுந்த பிறகு வருகிறது. 1961 படத்தில் அதை முன்னால் கொண்டுபோய், கோபத்தை அடக்கிக்கொள் என்கிற பாட்டைக் கொலைகளுக்குப் பின்னால் வைத்தார்கள். மேடையில் பார்ப்பவர்களுக்கு அந்த இடத்தில் கொஞ்சம் மூச்சு விட வேண்டியிருந்தது. திரையில் இறுக்கம் ஏறிக்கொண்டே போக வேண்டும். ஆரம்பக் காட்சியில் நகரத்தை வானத்திலிருந்து காட்டி, மெதுவாகத் தெருவுக்கு இறங்கி வருகிறதே, அதை எந்த மேடையிலும் செய்ய முடியாது.

குரல் விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி, அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன். ‘மை ஃபேர் லேடி’ மேடையில் கதாநாயகியாகப் பாடியவர் ஜூலி ஆண்ட்ரூஸ். படத்தில் அவர் முகம் விலைபோகாது என்று ஆட்ரி ஹெப்பர்னைப் போட்டார்கள். ஹெப்பர்னுக்குப் பெரும்பாலும் மார்னி நிக்சன் பின்னால் இருந்து பாடினார். ஆனால் கதாநாயகன் ரெக்ஸ் ஹாரிசன், முன்கூட்டிப் பதிவு செய்த பாட்டுக்கு வாயசைக்க மாட்டேன், மேடையில் ஒரு நாள் பாடியது போல இன்னொரு நாள் பாடியதில்லை என்று பிடிவாதமாக நின்றுவிட்டார். அவர் கழுத்து டைக்குள் கம்பியில்லா மைக்கை ஒளித்து வைத்து, நடிக்கும்போதே பாடுவதைப் பதிவு செய்தார்கள். 2012-ல் ‘லே மிசராப்’ படத்திலும் நடிகர்கள் காதில் பியானோ மட்டும் கேட்க, கேமரா முன்னாலேயே பாடினார்கள். பாட்டும் நடிப்பும் ஒரே மூச்சில் வர வேண்டும் என்ற மேடை ஆசை இத்தனை வருடம் ஆகியும் விடவில்லை.

தோற்றதையும் சொல்ல வேண்டும். ‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’ படத்தின் 1965 வெற்றியைப் பார்த்து மயங்கி, ‘கேமலாட்’, ‘ஹலோ டாலி’ என்று வரிசையாகப் பெரும் செலவில் எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டார்கள். 2019-ல் ‘கேட்ஸ்’ வந்தது. 1981-லிருந்து லண்டன் மேடையில் வருடக்கணக்கில் ஓடிய நாடகம் அது. மேடையில் மனிதன் கோடு போட்ட உடையும் முகச்சாயமும் பூசிக்கொண்டு பூனை என்று வந்தால் ஜனங்கள் ஒப்புக்கொண்டார்கள். திரையில் கம்ப்யூட்டரில் நிஜமான ரோமம் ஒட்டியதும் ஒப்பவில்லை. மேடையில் பாதி வேலையைப் பார்ப்பவன் மனசு செய்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும் நிஜமாக்கியதும் அந்த வேலையை அவனிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள். நம் கூத்து வேஷத்தைப் பற்றிப் பேசும்போது இது தேவைப்படும்.

இப்போது நம்மிடம் வருகிறேன். தமிழில் இது நடக்கவில்லை என்று உங்கள் கேள்வியில் ஒரு தொனி இருக்கிறது. உண்மையில் தமிழ்ப் பேசும்படம் பிறந்ததே இசை நாடகத்தின் மடியில்தான். 1931 மார்ச்சில் இந்தியாவின் முதல் பேசும்படம் ‘ஆலம் ஆரா’ பம்பாயில் வந்தது. அதே வருடம் அக்டோபர் 31-ல் தமிழின் முதல் பேசும்படம் ‘காளிதாஸ்’ சென்னையில் வெளியானது. கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி நாடக மேடையிலிருந்து வந்தவர். அதற்குப் பிறகு வந்த பெயர்களைப் பாருங்கள்: 1933-ல் ‘வள்ளி திருமணம்’, 1934-ல் ‘பவளக்கொடி’, ‘சதி சுலோசனா’, 1935-ல் ‘நல்லதங்காள்’. இசை நாடகங்களை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகளும் அவர் காலத்து வாத்தியார்களும் மேடையில் நிலைநிறுத்திய பெயர்கள் இவை. சுவாமிகள் 1922-லேயே காலமாகிவிட்டார். தம் பாட்டுகள் பேசும்படத்துக்குப் போவதை அவர் பார்க்கவில்லை. மேடையில் பவளக்கொடியும் அர்ச்சுனனுமாகப் பாடிக்கொண்டிருந்த எஸ்.டி. சுப்புலட்சுமியும் தியாகராஜ பாகவதருமே படத்திலும் நடித்தார்கள். சுமார் 50 பாட்டு. இன்றைக்கு அதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. அன்றைக்கு வந்தவர்கள் பாட்டைக் கேட்கத்தான் காசு கொடுத்தார்கள்.

அமெரிக்கக்காரர்களைப் போல உரிமைத் தொகை கொடுத்தா இதெல்லாம் வந்தது? இல்லை. இங்கே காரணம் வேறு. அப்போது இரவல் குரல் கிடையாது. கேமராவும் மைக்கும் ஒன்றாக ஓடும். நடிப்பவரே பாட வேண்டும். பக்கவாத்தியக்காரர்கள் படத்தில் விழாத இடத்தில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். சுருதி விலகாமல், வரி மறக்காமல், ஒரே மூச்சில் பாடி நடிக்கிறவர்கள் வேண்டுமென்றால் அவர்கள் இருந்த இடம் நாடகக் கம்பெனிதான். பாய்ஸ் கம்பெனிகளில் சின்ன வயசிலேயே சேர்த்து, வாத்தியார் பிரம்பை வைத்துக்கொண்டு பாட்டையும் வசனத்தையும் நெட்டுருப் போட வைத்திருந்தார்கள். பி.யு. சின்னப்பா, டி.கே.எஸ். சகோதரர்கள், எம்.ஜி.ஆர். எல்லாரும் அங்கிருந்துதான் வந்தார்கள். 1934 வரைக்கும் சென்னையில் பேசும்பட ஸ்டுடியோவே இல்லை. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ரயிலேறிப் போய் எடுத்தார்கள். எடுத்த டைரக்டர்கள் சிலருக்குத் தமிழே தெரியாது. எல்லிஸ் டங்கன் அமெரிக்காவிலிருந்து வந்தவர். மொழி தெரியாத டைரக்டருக்கு, நடிகர்கள் ஏற்கனவே மனப்பாடமாக வைத்திருந்த நாடகம் எவ்வளவு பெரிய ஒத்தாசை என்று யோசித்துப் பாருங்கள். இந்தக் கடைசி வாக்கியம் என் ஊகம். மற்றவை பதிவில் இருப்பவை.

பாட்டைத்தான் வாங்கினார்கள் என்றேனே, அதற்குத் தமிழில் நல்ல சாட்சி கே.பி. சுந்தராம்பாள். 1935-ல் நந்தனார் வேஷத்தில் நடிக்க அவருக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார்கள் என்பது அன்றைய பேச்சு. கோபாலகிருஷ்ண பாரதியின் கீர்த்தனைகள் ஊரெல்லாம் ஏற்கனவே பாடிக்கொண்டிருந்தவை. சுந்தராம்பாளின் தொண்டையும் கிராமபோன் தட்டு வழியாக வீடு வீடாகத் தெரிந்த தொண்டை. ஆண் வேஷத்தில் ஒரு பெண் வருகிறாரே என்று யாரும் தயங்கவில்லை. அவரோடு மேடையில் ஜோடியாகப் பாடிய கிட்டப்பா 1933-ல் 27 வயசிலேயே போய்விட்டார். ஒரு படத்திலும் அவர் இல்லை. இசைத்தட்டில் அவர் குரலைக் கேட்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு ஆற்றாமையாகவே இருக்கும். தென் ஜில்லாக்களில் ஸ்பெஷல் நாடக மேடையில் இன்றும் ‘வள்ளி திருமணம்’ நடக்கிறது. வள்ளியும் நாரதரும் தர்க்கம் பண்ணும் இடத்தில், எதிராளி என்ன கேட்பார் என்று தெரியாமலே அந்த நேரத்தில் பாட்டு கட்டிப் பதில் சொல்வார்கள். திரையில் அந்தத் தர்க்கம் ஒரே ஒரு ராத்திரியின் தர்க்கமாக உறைந்துபோகும். படமாக்குவதில் உண்மையான நஷ்டம் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

அப்புறம் ஏன் இசை நாடகம் படமாவது நின்றது? 1938-ல் ‘நந்தகுமார்’ படத்தில் இரவல் குரல் தமிழுக்கு வந்துவிட்டது. பாடத் தெரிந்தவர்தான் நடிக்க வேண்டும் என்ற கட்டாயம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. ஆனால் நாடகம் மேடையிலிருந்து திரைக்கு வருவது நிற்கவில்லை; வந்த சரக்குதான் மாறியது. ‘வேலைக்காரி’ 1949, ‘பராசக்தி’ 1952, ‘ரத்தக்கண்ணீர்’ 1954 எல்லாமே மேடையில் கைதட்டல் வாங்கியவை. ஆனால் அந்தக் கைதட்டல் வசனத்துக்கு. பாட்டு என்ன ஆனது என்றால், எல்லாப் படங்களிலும் பரவிவிட்டது. அமெரிக்காவில் பாட்டுப் படம் என்பது தனி இனம். அதற்குத் தீனி போட பிராட்வே என்கிற நியூயார்க் நாடக மேடை தேவைப்பட்டுக்கொண்டே இருந்தது. இங்கே சண்டைப் படத்திலும் பாட்டு, பேய்ப் படத்திலும் பாட்டு. மேடையிடம் கடன் வாங்க வேண்டிய அவசியம் நம் சினிமாவுக்கு இல்லாமல் போனது. மராத்தியில் இன்றும் அந்தக் கொடுக்கல் வாங்கல் கொஞ்சம் இருக்கிறது; 1967-ல் மேடையேறிய ‘கட்யார் காளஜாத் குஸலி’ என்ற சங்கீத நாடகம் 2015-ல் படமாகி நன்றாக ஓடியது.

சினிமாதான் நாடகக் கம்பெனிகளை அழித்தது என்று எல்லாரும் சொல்வார்கள். நடிகர்கள் போனார்கள், கொட்டகைகள் டாக்கீஸாக மாறின என்பதெல்லாம் நிச்சயம். ஆனால் ஒரு பெரிய கம்பெனி ஐம்பது அறுபது பேருக்கு மூன்று வேளை சோறு போட்டு, சீன் துணியையும் பெட்டிகளையும் ரயிலில் ஏற்றி ஊர் ஊராக முகாம் போட்டு நடத்திய ஏற்பாடு. யுத்த கால விலைவாசியில் அது சினிமா இல்லாமலே தள்ளாடியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. பழி முழுவதையும் ஒரே இடத்தில் போட நான் தயாரில்லை.

இனி உங்கள் ஊர்க் கூத்து. இதில் நான் சொல்வதெல்லாம் வடக்கத்திப் பாணிக்கு, அதாவது பழைய வட ஆற்காடு ஜில்லா முழுவதும் நடக்கும் கூத்துக்குப் பொருந்தும். இப்போது அதை வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று நான்கு மாவட்டமாகப் பிரித்துவிட்டார்கள். ஜமாக்களுக்கு இன்னும் அது ஒரே சீமைதான்.

மேடை நாடகம் படமாக வேண்டுமென்றால், அதிலிருந்து பாட்டைத் தனியாகக் கழற்றி எடுக்க முடிய வேண்டும். கூத்தில் அது லேசில் முடியாது. ஒரு தருவை, அதாவது ஆடிக்கொண்டே பாடும் பாட்டை, எப்படிப் பாடுகிறார்கள் என்று கவனித்திருப்பீர்கள். வேஷக்காரர் ஒரு அடியைப் பாடுகிறார். பின்னால் இருக்கும் பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாடுகிறார்கள், முகவீணை என்கிற ஊதுகுழல் கூடவே போகிறது, மத்தளம் அடவுக்கு, அதாவது ஆட்ட அசைவுக்கு, சொல் கொடுக்கிறது. அந்த இடைவெளியில்தான் அவர் அத்தனை கனமான கிரீடத்தையும் தோளில் கட்டும் புஜகட்டையையும் சுமந்துகொண்டு சுழன்று ஆடுகிறார், மூச்சும் வாங்கிக்கொள்கிறார். எடிட்டிங் டேபிளில் உட்காருகிறவருக்கு அந்தத் திரும்பப் பாடுதல் எல்லாம் "ஒரே வரி நாலு தடவை". வெட்டுவார். வெட்டினால் ஆட்டம் போய்விடும். ஆட்டம் போனால் அந்தத் தரு வெறும் செய்தி. இது நடப்பதை நான் பல பதிவுகளில் பார்த்துவிட்டேன்.

இரண்டாவது சிக்கல் பொழுது. பிராட்வே நாடகம் இரண்டரை மணி நேரம் என்றால் இரண்டரை மணி நேரம்தான். கூத்து ராத்திரி பத்து மணிக்குக் களரி கட்டி விடியும்வரை போகிறது. வாத்தியார் கூட்டத்தைப் பார்த்து இழுப்பார், சுருக்குவார். கோமாளியாக வரும் கட்டியங்காரன் நடுவில் புகுந்து உள்ளூர் சமாச்சாரம் பேசுவார், காசு கொடுத்தவர் பெயரைச் சொல்லி வாழ்த்துவார். பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் சொல்லி முடித்த இடத்தை ஒட்டி ராத்திரிக் கூத்து நடக்க வேண்டும். துரியோதனன் சாகும் படுகளம் பொழுது விடிந்து அதற்குரிய நேரத்தில் நடக்க வேண்டும். கூத்தின் நேர அளவு கோவிலும் ஊரும் சேர்ந்து வைப்பது.

மூன்றாவது, பார்க்கிறவர் யார் என்பது. அர்ச்சுனன் தவம் செய்யும் தபசுக் கூத்தை நினைத்துப் பாருங்கள். அர்ச்சுனன் வேஷக்காரர் அவ்வளவு உயரத் தபசு மரத்தில் படிப்படியாகப் பாடிக்கொண்டே ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் பூவும் விபூதியும் போடுவார். கீழே குழந்தை வரம் வேண்டிய பெண்கள் மடியேந்தி நிற்பார்கள். ஏறுகிற மனிதர் அன்றைக்கு விரதம் இருந்தவர். அங்கே பார்வையாளர் என்று தனியாக யாரும் கிடையாது. கேமரா வந்து நின்றால் அந்தப் பெண்கள் ஒரு காட்சியின் பகுதியாகிவிடுவார்கள். டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவருக்கு மேலிருந்து ஒன்றும் விழாது.

வேஷமும் இருக்கிறது. முன்பு தீவட்டி வெளிச்சத்துக்கும் அப்புறம் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துக்கும் ஏற்றபடி, தூரத்தில் உட்கார்ந்திருப்பவருக்காகத் தீட்டிய முகம் அது. ‘கேட்ஸ்’ படத்தில் பூனைக்கு நேர்ந்தது கிட்டத்துக் காட்சியில் துரியோதனனுக்கும் நேரும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் என்று நான் நம்புவது, கூத்துப் பாட்டுக்கு நிலைத்த ஒரே பிரதி இல்லாதது. பிராட்வேயில் இசை, வசனம், அடவு எல்லாம் எழுதி வைத்தது. சங்கரதாஸ் சுவாமிகள் நாடகமும் எழுத்தில் அமைந்தது. கூத்துக்கும் அச்சுப் புத்தகம் உண்டு. சென்னை இரத்தின நாயக்கர் கடைப் பதிப்புகள் இன்னும் சில வாத்தியார்கள் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. ஆனால் புத்தகத்தில் இருப்பது வரி மட்டும். மெட்டும் நடையும் காதால் வந்தவை. செய்யாற்றுப் பக்கத்துப் புரிசைப் பரம்பரை பாடுகிற விதமும் போளூர் பக்கத்து ஜமா பாடுகிற விதமும் ஒன்றல்ல. லட்சக்கணக்கான பேர் வாயில் ஒரே மாதிரி ஏறிய பாட்டு என்று ஒன்று இருந்தால்தானே சினிமாக்காரர் அதைத் தேடி வருவார்? கிராமபோன் கம்பெனிகள் நாடகப் பாட்டை அப்படி ஆக்கிக் கொடுத்தன. கூத்துப் பாட்டுக்கு அந்தப் படி கிடைக்கவில்லை. இதோடு, படம் எடுத்த நகரத்து ஆட்கள் கூத்தைத் தங்கள் கலையாக நினைக்கவே இல்லை, ஆடுகிறவர்களின் ஜாதியும் ஏழ்மையும் அதற்கு ஒரு காரணம் என்றும் நினைக்கிறேன். இதற்குக் காகிதத்தில் ஆதாரம் காட்ட முடியாது. ஆனால் ஜமாக்காரர்களிடம் பேசினால் அந்தக் காயம் தெரியும்.

கூத்து திரையில் வரவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1964-ன் ‘நவராத்திரி’யில் சிவாஜியும் சாவித்திரியும் ஆடும் சத்தியவான் சாவித்திரிக் கூத்து எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 2024-ல் வந்த ‘ஜமா’ நம் திருவண்ணாமலைப் பக்கத்துக் கூத்துக்காரர்களின் வாழ்க்கை. ஆனால் இவற்றில் ஒன்றில் கூத்து நடுவே வருகிற காட்சி, இன்னொன்றில் கூத்துக்காரர் கதை. கூத்தே படமாக நிற்கவில்லை. உடம்பு வழியாகப் போன கடன் வேறு கணக்கு: ந. முத்துசாமி 1977-ல் தொடங்கிய கூத்துப்பட்டறை என்கிற நாடகக் குழு புரிசைக் கண்ணப்பத் தம்பிரானிடம் கற்றது. அந்தப் பட்டறையில் பயின்ற பசுபதி போன்றவர்கள் திரையில் நிற்கும் நிலையிலேயே அது தெரியும்.

நீங்களே முயற்சி செய்யப் போகிறீர்கள் என்றால் தபசையோ படுகளத்தையோ தொடாதீர்கள். அவை ஊருக்கும் அம்மனுக்கும் உரியவை. பதிவு செய்யலாம், படமாக மாற்றக் கூடாது. ‘கர்ண மோட்சம்’ எடுங்கள். அதில் கர்ணனும் பொன்னுருவியும் வீட்டுக்குள் மோதிக்கொள்ளும் பகுதி இரண்டே பேருடையது. புருஷன் பெண்சாதி சண்டை, பிறப்பைச் சொல்லிக் காட்டும் வசவு, கடைசியில் பிரிவு. கேமரா பக்கத்தில் போனாலும் தாங்கும். அரிதாரத்தைக் குறைக்காதீர்கள், வேண்டுமானால் வேஷம் போடுகிற இடத்திலிருந்தே படத்தை ஆரம்பித்து, அந்த முகத்தைப் பார்ப்பவருக்குப் பழக்கிவிடுங்கள். பின்பாட்டுக்காரர்களை மறைக்காமல் படத்துக்குள்ளேயே வையுங்கள். அவர்கள் திருப்பிப் பாடும்போது கேமரா பொன்னுருவி முகத்தில் இருக்கட்டும், அப்போது அந்த நாலு தடவைக்கும் வேலை வந்துவிடும். ஸ்டுடியோவில் பாடி வாயசைக்க வைக்காதீர்கள். முகவீணைக்கு ஒரு மைக், மத்தளத்துக்கு இரண்டு, பாடுகிறவர்களுக்குத் தனித்தனியாக மைக் என்று அந்த இடத்திலேயே பிடியுங்கள். முகவீணையின் கூர்மை ஒரே மைக்கில் பிடித்தால் எல்லாவற்றையும் அமுக்கிவிடும். கூத்து இல்லாத மாதங்களில் ஜமாவைக் கூப்பிட்டு, ஒரு ராத்திரிக்கு ஊரில் கொடுக்கும் முழுத் தொகையை ஒவ்வொரு நாள் படப்பிடிப்புக்கும் பேசிக்கொள்ளுங்கள். மெட்டு எந்த வாத்தியாருடையது என்பதைக் கேட்டு எழுதி வாங்கி, டைட்டிலில் அவர் பெயரை இசை என்ற இடத்தில் போடுங்கள்.